முதல் பக்கத்தில் ஒரு பெட்டி

குன்னூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் யாராவது இறந்துபோனால் முதல் போன் ஃபாதருக்கு அல்லது போதகருக்குப் போகும். இரண்டாவது போன் லெஸ்லிக்கு. சவப்பெட்டி செய்கிறவருக்கு அதற்கப்புறம்தான். பெட்டி எப்படியும் கிடைத்துவிடும், லெஸ்லி கிடைப்பது அவ்வளவு நிச்சயமில்லை.

பெட்டியை மூடுவதற்கு முன் மொத்தக் குடும்பமும் அதன் பின்னால் வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். மகன் தோஹாவில் இருப்பான், லீவு கிடைத்திருக்காது. பேத்தி கனடாவில் இருப்பாள், டிக்கெட் கிடைத்திருக்காது. அவர்களுக்கெல்லாம் அந்தப் படம்தான் அடக்கம். அதில் ஒரு சித்தப்பாவின் முகம் இன்னொரு சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் மறைந்துபோனால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை இரண்டு வீடுகளும் பேசிக்கொள்ளாது. லெஸ்லியின் படத்தில் எந்த முகமும் மறைந்ததில்லை. மலைச்சரிவில், வழுக்கும் படிகளில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில், ஊரையே அடுக்கி நிறுத்திவிடுவார். "தலமாட்ட ஒரு சாண் தூக்குங்க, மொகம் தெரியோணும். அக்கா, நீங்க தாராளமா அழுங்க, ஆனா நிமிந்து அழுங்க." பனி இறங்கினால் அது விலகும்வரை ஃபாதரும் ஜெபப் புத்தகத்தை மூடிக்கொண்டு நிற்பார்.

இவ்வளவு அதிகாரம் ஒரு மனிதனுக்குப் போதும் என்றுதான் நாம் நினைப்போம். லெஸ்லி அப்படி நினைக்கவில்லை. அவர் ஒரு கலைஞர். அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

மவுண்ட் ரோட்டில் இருந்த 'லெஸ்லி ஸ்டுடியோ' என்ற பலகையைக் கழற்றிவிட்டு 'லூமினா விஷுவல் நேரேட்டிவ்ஸ்' என்று மெல்லிய எழுத்தில் மாட்டியது அந்தக் கலைஞர்தான். எழுத்து அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் பலகை. கடை மூடப்பட்டுவிட்டதாக நினைத்துச் சிலர் விசாரித்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் எப்போதும்போல "லெஸ்லி கடை" என்றார்கள். இன்னும் சிலர், அவர் காதுபடவே, "பெட்டி போட்டோக்காரர்" என்றார்கள்.

அந்தப் பெயர்தான் அவர் கழுத்தில் விழுந்த சுருக்கு. கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடுவதை ஊர் சிறிது சிறிதாக நிறுத்திக்கொண்டது. யாரும் சண்டை போடவில்லை, மரியாதையாகத்தான் நிறுத்தினார்கள். பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டி, "குடும்பத்தோட வந்தர்றீங்க. கேமராவெல்லாம் எதுக்குங்க, சும்மா கைய வீசிக்கிட்டு வாங்க" என்பார்கள். போன கல்யாணத்தில் லெஸ்லி ஏதோ நினைவில் பின்னால் கைகட்டி மணமேடையையே பார்த்துக்கொண்டு நின்றபோது, மாப்பிள்ளையின் அத்தை வந்து, "தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கமா நின்னுக்கறீங்களா? பாக்க என்னமோ மாதிரி இருக்குது" என்றாள்.

ஒரே ஒரு பெரிய கல்யாணம். தேயிலை எஸ்டேட் பங்களாவின் புல்வெளியில், வெளியூர்க்காரர்கள் நடத்துகிற ஒரு கல்யாணம் கிடைத்தால் போதும், இந்தப் பெயரிலிருந்து வெளியே வந்துவிடலாம் என்று லெஸ்லி நம்பினார். அப்படிப்பட்ட கல்யாணங்களை நடத்திக்கொடுக்கிறவள் சுமலதா. கோயம்புத்தூரில் அலுவலகம், நீலகிரியில் வேலை. சீசனுக்கு முன் ஒருநாள் அவளை ஒரு பேக்கரி வாசலில் மடக்கித் தன் ஆல்பத்தைக் காட்டினார்.

சுமலதா புரட்டாமலே சொன்னாள். "சூப்பர் சார். ஆனா என் க்ளையண்ட்டெல்லாம் மொதல்ல கூகிள்லதான் தேடுவாங்க. நான் சொல்ற பேர கூகிளும் சொல்லோணும். 'ஊட்டி குன்னூர் வெட்டிங் போட்டோகிராஃபர்'னு போட்டா முதல் பக்கத்துல வாங்க, அப்புறம் பேசலாம். ரெண்டாம் பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் ஆளே இல்லைன்னு அர்த்தம் சார்."

லெஸ்லி வீட்டுக்கு வந்து தேடிப்பார்த்தார். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாம் பக்கத்தில் இல்லை. விரல் வலிக்கும்வரை தள்ளிக்கொண்டே போனபோது மைசூரைச் சேர்ந்த ஒரு பேண்ட் வாத்தியக் குழு வந்தது. அவர் வரவில்லை.

"நம்ம வெப்சைட்டு நல்லாத்தான இருக்குது?" என்று மனைவியிடம் கேட்டார். ஜெஸிந்தா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"கல்யாணப் பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க, படிங்க பாக்கலாம்."

லெஸ்லி குரலைச் சரிசெய்துகொண்டு படித்தார். "மௌனத்தின் ஒளி. நாங்கள் படம் எடுப்பதில்லை. இரண்டு ஆன்மாக்கள் ஒன்றையொன்று சுவாசிப்பதைச் செவிமடுக்கிறோம்."

"மூச்சு விடறதக் கேக்கறதுக்கு டாக்டர்கிட்ட போவாங்க. உங்ககிட்ட எதுக்குங்க வர்றாங்க?"

"ஜெஸி, இது கலை மொழி."

"இருக்கட்டுங்க. கல்யாணம்ங்கற வார்த்த எங்க? குன்னூருங்கற வார்த்த எங்க?"

அந்த இரண்டு வார்த்தைகளும் மலிவானவை என்று லெஸ்லி வேண்டுமென்றே விட்டிருந்தார். அதைச் சொல்லாமல், கூகிளில் மேலே கொண்டுவரத் தெரிந்த ஒரு நிபுணரைப் பார்ப்பது என்று முடிவு செய்தார்.

நிபுணர் அலன் லவ்டேலில் இருந்து வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். விசிட்டிங் கார்டில் 'ஆர்கானிக் விசிபிலிட்டி ஆர்க்கிடெக்ட்' என்று இருந்தது. அவன் நாற்காலியில் உட்காருவதற்குள் ஜெஸிந்தா உள்ளறைக்குப் போய் அவன் பெயரைக் கூகிளில் போட்டுப் பார்த்தாள். அதே பெயரில் ஒரு ஆஸ்திரேலியப் பல் டாக்டர் வந்தார். ஆர்க்கிடெக்ட் வரவில்லை. டீ கொண்டுவந்து வைத்தபோது அவள் அதைச் சொல்லவில்லை, சர்க்கரையை மட்டும் குறைத்திருந்தாள்.

"அண்ணா, மொதல்ல ஒரு பேசிக் விஷயம்" என்றான் அலன். "கூகிளுக்குக் கண்ணு கெடையாது. நீங்க எவ்வளவு அழகா எடுத்தாலும் அதுக்குத் தெரியாது. படத்துக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க, பக்கத்துக்கு என்ன தலைப்பு வெச்சிருக்கீங்க, எந்த ஊரு, என்ன வேலை, அதைத்தான் அது படிக்கும். மத்த வெப்சைட்ல இருந்து எத்தன பேரு உங்களுக்கு லிங்க் குடுத்திருக்காங்கன்னு பாக்கும். போன்ல சட்டுனு தொறக்குதான்னு பாக்கும். மேப்ல கடை இருக்குதா, ரிவ்யூ இருக்குதான்னு பாக்கும். அவ்வளவுதாண்ணா, மத்ததெல்லாம் ஃபிலாசஃபி."

இந்த ஐந்தாறு வாக்கியங்கள் உண்மையில் நல்ல வாக்கியங்கள். அலன் இத்தோடு எழுந்து போயிருந்தால் இந்தக் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அவன் லேப்டாப்பைத் திறந்தான். கொஞ்ச நேரம் எதையோ பார்த்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு மரியாதை வந்தது.

"அண்ணா, நீங்க ஏற்கெனவே நம்பர் ஒன்!"

"எதுல?"

"குன்னூர் அடக்கம் போட்டோ, நீலகிரி இறுதி ஆராதனை, கல்லறைத் தோட்டம் படங்கள், கிறிஸ்டியன் ஃப்யூனரல் ஊட்டி, எதப் போட்டாலும் நீங்கதான். ரெண்டாவது எடத்துல ஆளே இல்ல. என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஸ்ட்ராங் டொமைன் பாத்ததே இல்லைங்ணா."

லெஸ்லி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

காரணம் எளிமையானது. வெளிநாட்டிலிருந்து வரமுடியாத உறவினர்கள் கேட்டார்கள் என்பதற்காக, 'பிற' என்ற தலைப்பின் கீழ், யாரும் பார்க்காத மூலையில் லெஸ்லி அடக்கப் படங்களைப் போட்டுவைத்திருந்தார். அங்கே கலைமொழிக்கு இடமில்லை. இறந்தவர் பெயர், வயது, சொந்த ஊர், எந்த ஆலயம், எந்தக் கல்லறைத் தோட்டம், இடமிருந்து வலமாக நிற்பவர்கள் யார் யார், எல்லாம் வரிசையாக எழுதினால்தான் கனடாவில் இருக்கிற பேத்திக்குப் புரியும். எழுதியிருந்தார். அதை அவள் குடும்பக் குழுவில் போட்டாள். சபையின் இணையதளம் இணைப்புக் கொடுத்தது, மெல்பர்னில் இருக்கும் நீலகிரிக்காரர் சங்கமும் கொடுத்தது. கூகிள் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, இந்த மலையில் இப்படித் தெளிவாக, பொய்யில்லாமல் எழுதுகிற ஒரே மனிதர் இவர்தான் என்று முடிவுகட்டிவிட்டது.

இன்னொன்றும் நடந்திருந்தது. ஊரில் பாதிப் பேரின் பெயர் அந்த வரிசைகளில் இருந்ததால், யாருடைய பெயரைத் தேடினாலும் அவர் ஒரு பெட்டிக்குப் பின்னால் நிமிர்ந்து அழுதுகொண்டிருக்கும் படம் வந்தது. பெண் பார்க்க வருகிற வீட்டார் மாப்பிள்ளையை முதலில் பார்ப்பதே அப்படித்தான். ஆனால் எடுத்துவிடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. இவ்வளவு நன்றாக வந்த படம் வேறு அவர்களிடம் இல்லை.

"அத்தனையும் அழிச்சிரு" என்றார் லெஸ்லி.

"ஐயோ, அழிச்சா அத்தன பவரும் போயிரும்ணா. அழிக்க வேண்டாம், திருப்பி விடலாம். அந்தப் பக்கமெல்லாம் அப்படியே இருக்கட்டும். வார்த்தைய மட்டும் மாத்துவோம். அடக்கம்ங்கற எடத்துலயெல்லாம் திருமணம். ஃப்யூனரல்ங்கற எடத்துல வெட்டிங். ஒரே க்ளிக்."

"படத்துல பெட்டி இருக்குமே?"

"கூகிளுக்குத்தான் கண்ணு கெடையாதே அண்ணா."

லெஸ்லி ஒரு நிமிடம் தயங்கினார். கூகிளுக்குக் கண் இல்லாவிட்டாலும் தோஹாவிலிருந்து அந்தப் படங்களைப் பார்க்கிற ஈவ்லினுக்கு இருக்கிறது என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. தலையை ஆட்டினார். அலன் ஒரு விரலால் தட்டிவிட்டு மீதி டீயைக் குடித்தான்.

வேலை செய்தது என்பதுதான் கொடுமை. சில வாரங்களில் லூமினா மேலே ஏறத் தொடங்கியது. ஒரு காலைவேளையில் 'குன்னூர் வெட்டிங் போட்டோகிராஃபர்' என்று போட்டதும் முதல் பக்கத்தில், பேண்ட் வாத்தியத்துக்கெல்லாம் மேலே, லெஸ்லி தன் பெயரைப் பார்த்தார். கண் கலங்கியது. ஜெஸிந்தாவைக் கூப்பிடப் போனார். அதற்குள் போன் அடித்தது. தோஹாவிலிருந்து ஈவ்லின். அவளுடைய அப்பா சூசைமாணிக்கத்தின் அடக்கத்தை லெஸ்லிதான் இரண்டு வருடத்துக்கு முன் எடுத்திருந்தார்.

"அங்கிள், நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன்ம்மா. சொல்லு."

"இல்ல, எங்கப்பாவுக்கு எப்ப கல்யாணம் பண்ணி வெச்சீங்கன்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்."

லெஸ்லி போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"நான் படிக்கறேன் கேளுங்க. 'மறைந்த திரு சூசைமாணிக்கம் அவர்களின் திருமணம் குன்னூரில் உறவினர்களின் கண்ணீருக்கிடையே நடைபெற்றது. திருமணத்துக்குப் பின் உடல் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது.' அம்மா காலையில இருந்து சாப்பிடல அங்கிள். 'பொண்ணு யாரு'ன்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"அது ஒரு டெக்னிக்கல்..."

"அங்கிள், எனக்கு இருக்கற ஒரே எடம் அதுதான். நான் மண்ணு போட வரல. நான் பாக்கறது அந்தப் பக்கத்தத்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொறந்து பாக்கறேன். தயவுசெஞ்சு எங்கப்பாவ மறுபடியும் சாகடிச்சுருங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் கலந்து ஒரு சத்தம் வந்து, லைன் போய்விட்டது.

லெஸ்லி அலனைக் கூப்பிட்டார். ஒரே க்ளிக்கில் மாற்றியதை ஒரே க்ளிக்கில் திருப்ப முடியாது என்றும், உண்மையிலேயே நடந்த கல்யாணங்களும் அடக்கமாகிவிடும் என்றும் அலன் விளக்கினான். அதனால் லெஸ்லி உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தன் கையால் திருத்தினார். இறந்தவர்கள் ஒவ்வொருவராகத் திருமண வாழ்விலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். ஜெஸிந்தா பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தாள். ஓரிடத்தில் 'நூறாண்டு வாழ்க' என்று அலன் சேர்த்திருந்ததைக் கண்டுபிடித்து, எதுவும் சொல்லாமல் விரலை மட்டும் வைத்துக் காட்டினாள்.

கையோடு கல்யாணப் பக்கத்திலிருந்து மௌனத்தின் ஒளியை அணைத்துவிட்டு, 'குன்னூர், ஊட்டி, கோத்தகிரி பகுதிகளில் கல்யாணப் படம் எடுக்கிறோம்' என்று எழுதச் சொன்னாள். லெஸ்லி எழுதினார். எழுதும்போது முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல இருந்தது.

"இனி கூகிள் மறக்கறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்ணா" என்றான் அலன். "அதுவரைக்கும் பழசுதான் காட்டும்."

அந்தக் கொஞ்ச நாளுக்குள் சுமலதா கூப்பிட்டாள். "லெஸ்லி சார், முதல் பக்கத்துல பார்த்தேன். க்ளையண்ட்டுக்கு அனுப்பிட்டேன். ரொம்ப இம்ப்ரெஸ் ஆயிட்டாங்க. ஏப்ரல்ல கல்யாணம், எஸ்டேட் பங்களாவுல. பொண்ணோட அப்பா மனோகரன், ரிட்டயர்டு எஸ்டேட் மேனேஜர். நாளைக்கு நேர்ல வர்றாரு."

லெஸ்லி அன்றைக்குக் கடையைத் தானே கூட்டினார். பலகையைத் துடைத்தார். கல்யாண ஆல்பத்தை மேஜைமேல் ஏதோ தற்செயலாகத் திறந்து கிடப்பதுபோல வைத்தார், மூன்று தடவை வைத்தார்.

மனோகரன் கம்பளிக் கோட்டும் தொப்பியுமாக வந்தார். மனைவி, மகள் யாரும் வரவில்லை. ஆல்பத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"லெஸ்லி தம்பி, உங்க கல்யாணப் படமெல்லாம் பாத்தேன். அந்தப் பெட்டியோட இருக்கறது."

"சார், அது ஒரு தப்பு நடந்து..."

"தப்பா? எங்கம்மா அடக்கத்துல அத்தன பேரு நின்னாங்க, ஒரு மொகம் மறையல. நான் எஸ்டேட்ல மஸ்டர் எடுத்தவன், ஆள வரிசையா நிறுத்தறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். நீங்கதான் வேணும்னு முடிவு பண்ணிட்டேன்."

லெஸ்லி பேனாவை எடுத்தார். "ரொம்ப சந்தோஷம் சார். கல்யாணப் பொண்ணு பேரு?"

"ரோஸ்மேரி. ஆனா கல்யாணத்துக்கு கோயம்புத்தூர்ல இருந்து ஆளுங்க வர்றாங்க. ட்ரோனெல்லாம் வெச்சிருக்காங்களாம்." மனோகரன் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்றது எங்கப்பாவுக்கு. தொண்ணூறைத் தாண்டிட்டாரு. நெஞ்சு வீக்கா இருக்குதுன்னு டாக்டர் சொல்றாரு. கல்யாணத்துக்கு லண்டன், டொராண்டோன்னு அத்தன பேரும் வர்றாங்க. அந்த வாரத்துல ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா, எல்லாரும் இங்கதான் இருப்பாங்க, அப்ப ஆளத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாது பாருங்க. அதனால அந்த வாரம் பூராவும் நீங்க வேற எதையும் ஒத்துக்காதீங்க. பங்களாவுலயே இருந்துக்கங்க. சாப்பாடெல்லாம் நம்மளோடதுதான்."

லெஸ்லி வாயைத் திறந்தார். முடியாது என்று சொல்ல வேண்டும். ஆனால் ஒரு சாவுக்கு வரமாட்டேன் என்று அந்த ஊரில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சண்டைக்காரன் வீட்டுச் சாவுக்கும் போய் நின்றாக வேண்டும். இன்னும் நடக்காத சாவுக்கு அந்த விதி பொருந்துமா என்று யோசித்துச் சொல்வதற்குள் மனோகரன் எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

சுமலதாவிடம் போனில் புலம்பியபோது அவள் கொஞ்சமும் அசரவில்லை. "அதுக்கு ஒரு பேரு வெச்சிருக்கேன் சார். லெகசி ஸ்டாண்ட்பை. வெளிநாட்டுல எல்லாம் இருக்குது." இருக்கிறதா என்று லெஸ்லி தேடிப்பார்த்தார். தேடலில் அவரே வந்தார்.

அதே வாரம் நடுவட்டத்திலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். ரவிக்குமார் என்று பெயர். அக்காவுக்குக் குன்னூரில் கல்யாணம், இணையத்தில் பார்த்தேன், குன்னூர் என்று தெளிவாகப் போட்டிருந்தது, வர முடியுமா என்று கேட்டான். மூன்று வருடங்களில் வந்த முதல் உண்மையான கல்யாணம். ஜெஸிந்தா எழுதச் சொன்ன அந்த மலிவான வார்த்தைகள்தான் அதைக் கொண்டுவந்து சேர்த்தன. தேதி கேட்டார் லெஸ்லி. மனோகரன் வீட்டுக் கல்யாணம் நடக்கிற அதே நாள்.

"அன்னிக்கு முடியாதுங்க தம்பி. வேற ஒண்ணு ஒத்துக்கிட்டேன்."

"அங்கயும் கல்யாணமுங்களா?"

"கல்யாணந்தான்" என்றார் லெஸ்லி. "மாதிரி."

கல்யாணத்தன்று பங்களாவின் புல்வெளியில் கூடாரம், வெள்ளை நாற்காலிகள், வாடகைக்கு வந்த ஒரு பழைய கார். லெஸ்லிக்குச் சமையலறைக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமில் நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். "கெஸ்ட்டுங்க பாத்தா சங்கடமா இருக்கும் சார்" என்று சுமலதா சொல்லிவிட்டாள். பழக்கதோஷத்தில் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேண்ட்டும் போட்டு வந்திருந்தார். கேமரா மடியில் இருந்தது. சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் புல்வெளியின் ஒரு துண்டும் மணமக்களின் முதுகும் தெரிந்தன. அவர் ஆசைப்பட்ட கல்யாணம் அத்தனையும் அங்கே நடந்துகொண்டிருந்தது. அதற்கும் அவருக்கும் நடுவில் வெங்காய மூட்டைகள் இருந்தன.

கோயம்புத்தூர்க்காரர்கள் ட்ரோனை ஏற்றினார்கள். பனி வந்து அதை வாங்கிக்கொண்டது. தேயிலைச் செடிகளுக்குள் மூன்று பேர் இறங்கித் தேடினார்கள். மீதி இருந்தவன் மணமக்களைப் பார்த்து, "கேமராவைப் பாக்காதீங்க, நான் இல்லைன்னு நெனச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். லண்டன் அத்தை குரூப் போட்டோ கேட்டதற்கு, "நாங்க கேண்டிட் மட்டுந்தான் ஆண்ட்டி, நிக்க வெச்சு எடுக்கறதில்ல" என்று பதில் வந்தது.

கதவு மெதுவாகத் திறந்தது. கோட்டு, டை, சட்டைப்பையில் ரோஜா. கையில் ஒரு கட்லெட். பெரியவர் ஐசக் பொன்னையா, சமையல்காரருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு ஒளிந்து தின்ன இடம் தேடி வந்திருந்தார். லெஸ்லியைப் பார்த்ததும் நின்றார். மேலும் கீழும் பார்த்தார்.

"நீ பெட்டி போட்டோக்காரன்தான?"

"ஆமாங்க ஐயா."

"என் சம்சாரத்த நீதான எடுத்த. என்ன நிமிந்து அழுன்னு சொன்ன." கட்லெட்டைக் கடித்தார். "இன்னிக்கு யாருக்கு வந்திருக்க?"

லெஸ்லி வெங்காய மூட்டையைப் பார்த்தார்.

"எனக்கா?"

"சார்தாங்க ஐயா, ஒரு ஏற்பாட்டுக்கு..."

பெரியவர் சிரித்ததில் கட்லெட் துணுக்கு கோட்டில் விழுந்தது. "என் மவன் எப்பவுமே முன்னேற்பாடு. மழ பேயறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கொட விரிச்சுக்கிட்டு நிப்பான். சரி, எத்தன நேரமா இங்க ஒக்காந்திருக்க?"

"காலையில இருந்துங்க."

"பாவம். நான் இன்னிக்கு சாகற மாதிரி இல்ல. எந்திரி. வெளிய அத்தன சொந்தமும் நிக்குது, ஒரு குரூப் போட்டோ எடுக்க நாதியில்ல. வா."

லெஸ்லி புல்வெளிக்கு வந்ததும் பேச்சு அடங்கியது. சுமலதா ஓடிவந்தாள். பெரியவர் கையால் அவளை ஓரமாக நகர்த்தினார். லெஸ்லி தொண்டையைச் செருமிவிட்டு, எப்போதும் சொல்வதைச் சொன்னார். "எல்லாரும் வந்து நில்லுங்க. ஒசரமானவங்க பின்னால போங்க."

அவ்வளவுதான். யாரையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. பெரியவரின் மனைவியின் அடக்கத்தன்று யார் எங்கே நின்றார்களோ அங்கே போய் நின்றார்கள். அத்தைகள் இடப்பக்கம், மருமகன்கள் மேட்டில், பிள்ளைகள் ஓரத்தில். ரோஸ்மேரி மணக்கோலத்தில் தன் பழைய இடத்துக்குப் போக, மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் அவள் பின்னாலேயே போனான். எல்லோரும் நின்று முடித்தபோது முன்னால், நட்டநடுவில், ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு இடம் காலியாக இருந்தது. யாரும் விடச் சொல்லவில்லை. எல்லோரும் அதையே பார்த்தார்கள். மனோகரன் தொப்பியைக் கழற்றினார், பிறகு எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். லண்டன் அத்தை கைக்குட்டையை எடுத்தாள்.

ஐசக் பொன்னையா ஒரு வெள்ளை நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். அந்தக் காலி இடத்தின் நடுவில் போட்டார். உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"இது எனக்கு விட்ட எடந்தான? இப்பவே ஒக்காந்துக்கறேன். படுத்துக்கிட்டா உங்க மூஞ்சியெல்லாம் எனக்குத் தெரியாது."

ரோஸ்மேரி முதலில் வெடித்துச் சிரித்தாள். பின்னாலேயே மொத்த வரிசையும். மருமகன்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். மனோகரன் தொப்பியால் முகத்தை மூடப்போனார். "சார், மொகம்! மொகம்!" என்று கத்திக்கொண்டே லெஸ்லி அழுத்தினார். பனி அப்போதுதான் விலகியிருந்தது. ஒரு முகம்கூட மறையவில்லை.

அந்தப் படத்தைக் கல்யாணப் பக்கத்தின் உச்சியில் போட்டார் லெஸ்லி. கீழே கலைமொழி எதுவும் எழுதவில்லை. 'ரோஸ்மேரி திருமணம், குன்னூர். மணமக்களுடன் உறவினர்கள்.' இடமிருந்து வலமாகப் பெயர்கள். முன்வரிசையில் தாத்தா ஐசக் பொன்னையா. அவருடைய பெயர் வந்ததும் ஊரில் இருந்து விசாரிப்பு போன்கள் வரத் தொடங்கின. லூமினாவில் முன்வரிசை நடுவில் ஒருவர் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஜெஸிந்தா சொன்னபடி அடைப்புக்குறிக்குள் 'நலமாக இருக்கிறார்' என்று சேர்த்தார்.

அடுத்த வாரம் அலன் கூப்பிட்டான். "அண்ணா, மேப்ல உங்களுக்கு மொத ரிவ்யூ வந்திருக்குது. அஞ்சு ஸ்டார்! மனோகரன்னு ஒருத்தரு. கீவேர்டெல்லாம் சூப்பரா விழுந்திருக்குண்ணா. உடனே ஒரு ரிப்ளை போடுங்க, போட்டாதான் கூகிளுக்குப் பிடிக்கும்."

லெஸ்லி திறந்து படித்தார்.

'என் தந்தையின் அடக்கத்துக்காக இவரை முன்கூட்டியே பதிவு செய்திருந்தோம். அருமையான மனிதர். பொறுமையாகக் காத்திருந்தார். கர்த்தரின் கிருபையால் தந்தை நலமாக இருக்கிறார். குன்னூரில் அடக்கம் என்றால் இவர்தான். கண்டிப்பாக மறுபடியும் கூப்பிடுவோம்.'

பதில் எழுதும் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. 'மிக்க நன்றி, விரைவில் சந்திப்போம்' என்று அடித்தார். படித்துப் பார்த்துவிட்டு அழித்தார். 'உங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கிறோம்' என்று அடித்தார். ஜெஸிந்தா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஐயோ, வேண்டாங்க" என்றாள். 'அடுத்த முறை இன்னும் சிறப்பாகச் செய்வோம்' என்று தொடங்கியவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"நன்றின்னு மட்டும் போட்டுட்டு வாங்க. சாப்பாடு ஆறுது."

போட்டார். போட்டு முடித்ததும் போன் அடித்தது. புது எண். லெஸ்லி குரலைச் சரிசெய்துகொண்டு எடுத்தார். "வணக்கமுங்க, லூமினா..."

"லெஸ்லி கடைதானுங்களே?" என்றது ஒரு பெண் குரல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"ஆமாங்க" என்றார் லெஸ்லி. "எந்தக் கல்லறைத் தோட்டமுங்க?"